ஏர் ரைஃபிளுக்கு லேமினேட் கட்டை: குமரி ஈரத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குறைந்த விலையில் ஓர் ஏர் ரைஃபிள் வாங்கியவர், கை கொஞ்சம் பழகியதும் அடுத்துப் பார்ப்பது யூடியூபில் பளபளக்கும் லேமினேட் ஸ்டாக்குகளைத்தான். சிவப்பும் கறுப்பும் சாம்பலும் வரிவரியாக ஓடும். "இதை என் துப்பாக்கியில் போட்டால் குறி நன்றாக விழுமா?" என்று கேட்கத் தோன்றும். ஸ்டாக் என்பது குழலையும் விசையையும் தாங்கி, பின்முனை தோளில் பதியும் உடல்பகுதி. அதை இனிமேல் கட்டை என்றே சொல்கிறேன், ஆசாரிகளிடம் பேசவும் அதுதான் வசதி.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். சேவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற மலிவு விலை வேட்டை ரைஃபிள்கள் அமெரிக்காவில் அதிகம் விற்கின்றன. விலையைக் குறைக்க அவற்றுக்கு மெல்லிய பிளாஸ்டிக் கட்டை கொடுக்கிறார்கள். முன்பகுதியை எதிலாவது ஊன்றி அழுத்தினால் அந்தப் பிளாஸ்டிக் வளைந்து குழலைத் தொடும், குண்டு விழும் இடம் மாறும். அதனால்தான் அங்கே பலர் தெற்கு டகோட்டாவின் மிட்செல் ஊரில் இருக்கும் பாய்ட்ஸ் போன்ற நிறுவனங்களிடம் விறைப்பான லேமினேட் கட்டை வாங்கி மாட்டுகிறார்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும், குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றும் ஏர் ரைஃபிளில் குழல் கட்டையின் மேல் படுப்பதே இல்லை. ஆகவே அந்தக் காரணம் நமக்குப் பொருந்தாது. உங்கள் உடம்புக்குச் சரியான அளவு, கையில் நிதானம் தரும் எடை, மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளாத மரம், இந்த மூன்றுக்காக மாற்றலாம். அழகுக்காக மட்டும் என்றாலும் தப்பில்லை, ஆனால் அதனால் குறி கூடும் என்று நம்பிப் பணம் போட வேண்டாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ, 0.177 அங்குலத்துக்கு மேல் துளையோ இருந்தால் உரிமம் வேண்டும். கட்டையை மாற்றுவதால் இந்த இரண்டும் மாறாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பேச்சிப்பாறைப் பக்கம் வாழையைப் பன்றி நாசம் செய்கிறது என்றால் வனத்துறையிடம்தான் போக வேண்டும். நம் இலக்கு அட்டை மட்டும்.

படி 1: துப்பாக்கியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

உள்ளே பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று உறுதி செய்துவிட்டுக் கட்டையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் முன்பக்கம் இருபுறமும் இரண்டு திருகாணிகள், விசைக் காப்பு வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போன் கேமராவில் படம் எடுத்துவிடுங்கள். சில ரைஃபிள்களில் விசைப்பெட்டியின் ஊசிகளைக் கட்டைதான் பிடித்துவைத்திருக்கும், வெளியே எடுத்ததும் அவை மெல்ல நழுவி விழும். கட்டை இல்லாமல் ஸ்பிரிங்கை ஏற்றிப் பார்க்கவே கூடாது. குழல் மடிந்திருக்கும்போது விசை தட்டப்பட்டால் குழல் படாரென்று மேலே வரும். குழல் வளையும், நடுவே விரல் இருந்தால் விரலும் போகும்.

அளக்க வேண்டியவை: ஸ்பிரிங் இருக்கும் உருளையான சிலிண்டரின் வெளி விட்டம், முன் திருகாணியிலிருந்து விசைக் காப்புத் திருகாணி வரை உள்ள தூரம், விசைப்பெட்டியின் நீள அகலம், குழலை மடிக்கும்போது ஸ்பிரிங்கை ஏற்றும் தடி ஓடும் பள்ளத்தின் நீளம். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரித்த காலத்தைப் பொறுத்துத் திருகாணி இடம் மாறியிருக்கலாம். பெயரைச் சொல்லி வாங்காமல் அளவைச் சொல்லி வாங்குங்கள்.

படி 2: உங்களை அளந்துகொள்ளுங்கள்

விசையின் முகத்திலிருந்து கட்டையின் பின்முனை நடு வரை உள்ள தூரம்தான் முக்கியமான அளவு. கடையில் வரும் பெரியவர்களுக்கான கட்டைகளில் இது ஏறத்தாழ 13½ முதல் 14 அங்குலம் வரை இருக்கும். நம்மில் பலருக்கு அது நீளம். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மடிப்பின் உட்பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்தால் உங்களுக்கு ஏற்ற அளவு சுமாராகத் தெரியும். சந்தேகம் வந்தால் குட்டையானதையே எடுங்கள். பின்னால் ரப்பர் பேடும் இடைத்தகடும் வைத்து நீட்டலாம், நீளமானதை அறுப்பதுதான் தலைவலி.

அடுத்தது கன்னம் பதியும் மேடு. கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தை வசதியாகச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் மேடு போதவில்லை. ஸ்கோப் இல்லாமல் இரும்புக் குறியில் சுடுபவருக்கு இதே மேடு இடைஞ்சல். கட்டைவிரல் நுழையும் துளை வைத்த கட்டைகள் பெரும்பாலும் வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருவரில் ஒருவருக்கே பொருந்தும். வீட்டில் இடக்கைக்காரரும் சுடுவார் என்றால் இருபுறமும் ஒன்றாக இருக்கும் சாதாரண வடிவமே நல்லது.

படி 3: லேமினேட்டா, வெறும் பிளைவுட்டா?

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். துப்பாக்கி லேமினேட் என்பது பெரும்பாலும் பிர்ச் மரத்தின் மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அவற்றுக்குச் சாயம் ஏற்றிப் பிசின் பூசிப் பெரும் அழுத்தத்தில் ஒட்டுகிறார்கள். இதில் எல்லாத் தகடுகளின் நாரும் துப்பாக்கியின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். கடைப் பிளைவுட்டில் ஒரு தகட்டின் நார் நீளவாக்கில் போனால் அடுத்தது குறுக்காகப் போகும். அலமாரிக்கும் கதவுக்கும் அது பலம். கைப்பிடி மாதிரி மெலிந்த இடத்திலோ குறுக்கே போகும் பாதித் தகடுகள் பலம் தராது, வளைவாகச் செதுக்கினால் ஓரம் பிசிறடிக்கும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை என்று சொல்லி விற்றாலும் இதே கதைதான். அந்த முத்திரை, தண்ணீரைத் தாங்கும் பலகை என்பதற்கு. நார் ஓடும் திசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பின்முனை ரப்பர் பேடைக் கழற்றச் சொல்லி வெட்டுமுகத்தைப் பாருங்கள். எல்லாத் தகடுகளிலும் நுண்துளைகள் தெரிந்தால் நார் நீளவாக்கில் ஓடுகிறது. ஒன்றுவிட்டு ஒன்றில் நார் நீளக்கோடாகப் படுத்திருந்தால் அது பிளைவுட். பேடைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் வந்துவிடுங்கள்.

நம் மாவட்டத்தில் ரப்பர் மரப் பலகை எளிதாகக் கிடைக்கிறது. அதில் சிறு துண்டுகளைப் பல்லுக்குப் பல் கோத்து ஒட்டிய ஃபிங்கர் ஜாயிண்ட் பலகையை லேமினேட் என்று நினைத்துவிட வேண்டாம். கைப்பிடிக்குள் ஒரு கோப்பு வந்துவிட்டால் அந்த இடத்தில் முறியும்.

எடையையும் பாருங்கள். பிசின் ஏறுவதால் லேமினேட் கனம். பிளாஸ்டிக் கட்டையோடு ஒப்பிட்டால் அரைக் கிலோ வரை கூடலாம். மேசையில் ஊன்றிச் சுட இது சுகம். நின்று சுடும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டையே வேண்டாம்.

படி 4: உள்ளே பாருங்கள்

வண்ணத்தை அப்புறம் பார்க்கலாம். கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து உட்பள்ளத்தைப் பாருங்கள், நான் விலை பேசுவது அதைப் பார்த்துத்தான். சிலிண்டர் படும் பள்ளம் வழவழப்பாக, சீராக இருக்க வேண்டும். சிலிண்டரை வைத்து விரலால் மாறி மாறி இரு முனைகளிலும் அழுத்துங்கள். ஆடினால் எங்கோ ஒரு மேடு இருக்கிறது. திருகாணியை இறுக்கி அந்த ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்பார்கள். அப்படி இறுக்கினால் கட்டை இழுபட்ட நிலையிலேயே இருக்கும், மழைக்காலத்தில் அந்த இழுப்பு மாறும்போது குறியும் மாறும்.

ஏற்றும் தடி ஓடும் பள்ளத்தின் இருபக்கச் சுவர்கள்தான் இந்தக் கட்டையின் மிக மெலிந்த இடம். முன் திருகாணிகள் பிடிப்பதும் அதே சுவர்களில்தான். ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது பின்னுக்கு உதைத்து உடனே முன்னுக்கும் இழுக்கும். இரு பக்கமும் மாறி மாறி வரும் இந்த அடியை வாங்குவது அந்தத் திருகாணித் துளைகள். ஆகவே சுவர் கனமாக இருக்கிறதா, திருகாணித் தலைக்குக் கீழே உலோகக் கிண்ண வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் மரத்தில் தலை பதிந்தால் நாளடைவில் மரம் நசுங்கி எத்தனை இறுக்கினாலும் தளரும்.

படி 5: ஆயத்தமாக வாங்குவதா, ஆசாரியிடம் செய்வதா?

உங்கள் மாடலுக்கே செய்த கட்டை கிடைத்தால் அதுவே சுலபம். கிடைக்கவில்லை என்றால் நம் ஊர் ஆசாரி இருக்கிறார். தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்தவருக்கு இந்த மண்ணில் உளி பிடிக்கும் கைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. நன்றாக உலர்ந்த ஒரே தேக்குப் பலகையிலிருந்து ஐந்தாறு நீளத் துண்டுகள் அறுத்து, நார் ஒரே திசையில் வரும்படி ஒட்டச் சொல்லுங்கள். தேக்கையும் அயினியையும் மாற்றி மாற்றி வைத்தால் நிறம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஈரத்தில் ஒரே அளவு உப்பாது, ஒட்டு விலகும். சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், எப்பாக்ஸி வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் ஒட்டும் முன் முகங்களைப் புதிதாக இழைத்து உடனே ஒட்ட வேண்டும். பழைய கட்டையை மாதிரியாகக் கொடுங்கள், துப்பாக்கியை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். உட்பள்ளம் வெட்டும் நாளில் கூடவே இருந்து பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு துப்பாக்கி விலையில் பாதியைத் தாண்டினால் அந்தப் பணத்தை நல்ல பெல்லட்டுக்கும் பயிற்சிக்கும் போடுங்கள் என்பேன்.

படி 6: ஈரத்தை வெளியே நிறுத்துங்கள்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். லேமினேட் ஈரத்தில் குறைவாகத்தான் முறுக்கும், ஆனால் ஈரமே குடிக்காது என்று இல்லை. விற்பவர் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து, உள்ளே எதுவும் பூசாத வெறும் மரமாக விட்டிருப்பார். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான்.

220, பிறகு 320 உப்புத்தாள் போட்டுத் தூசியைத் துடைத்துவிட்டு, இரண்டு பொருள் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷை முதல் தடவை நீர்க்கக் கலந்து பூசுங்கள். மரம் குடிக்கட்டும். உட்பள்ளம், திருகாணித் துளைகள், தடி ஓடும் பள்ளம், பேடுக்குப் பின்னால் உள்ள வெட்டுமுகம் எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். நாரின் முனை திறந்திருக்கும் அந்த வெட்டுமுகம்தான் அதிகம் குடிக்கும், அதற்கு ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள். சிலிண்டர் படும் இடத்தில் மட்டும் கனமாகப் பூசாதீர்கள், பொருந்தாமல் போகும். மெலமின் பாலிஷ் மலிவுதான், ஆனால் ஈரத்துக்கு பி.யு.தான் தாங்கும். காற்றோட்டமான இடத்தில், மழை இல்லாத வாரத்தில் செய்யுங்கள்.

திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். ரெக்சின் உறைக்குள் ஸ்பாஞ்ச் வைத்து மூடி அலமாரியில் வைப்பது மழைக்காலத்தில் மோசமான யோசனை. ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 7: மாட்டிச் சோதிப்பது

புதியதை மாட்டும் முன்பே, பழைய கட்டையில் 10 மீட்டரில் ஓர் அட்டையில் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதியது மாட்டியதும் அதே பெல்லட், அதே தூரம், அதே மேசை. பின்னால் மணல் மூட்டையோ கனமான தடுப்போ இருக்க வேண்டும். குண்டுகள் வேறு இடத்தில் விழுவது இயல்பு, ஸ்கோப்பைத் திருத்தினால் சரியாகும். முன்னைவிடச் சிதறினால் உட்பள்ளத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். முன்பகுதியை உள்ளங்கையில் லேசாகக் கிடத்திச் சுடுங்கள். இறுக்கிப் பிடித்தால் ஸ்பிரிங் ரைஃபிள் எந்தக் கட்டையிலும் சிதறும்.

திருகாணிகளுக்கு நீல நிற, நடுத்தரப் பிடிப்புள்ள பூட்டுப் பசை ஒரு துளி போதும், சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றுவது கஷ்டம். இறுக்கியபின் திருகாணித் தலையிலிருந்து வாஷருக்கு நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். சுட உட்காரும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பாருங்கள். விலகியிருந்தால் இறுக்கிய பிறகு சுடுங்கள். ஜூன் மழை தொடங்கி ஒரு மாதம் ஆனதும் கட்டையை ஒருமுறை கழற்றி, சிலிண்டரை வைத்து, படி 4இல் சொன்ன ஆட்டச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள்.