தங்கத் தகட்டின் எதிரொளிப்பில் அலை: என் அனுபவம்

ஒன்பது நாள் இதிலேயே போனது. பினாங்கில் எங்கள் ஆய்வகத்தில், வைர அழுத்தக் கலத்துக்குள் (இரண்டு வைரங்களுக்கு நடுவில் பொருளை வைத்து நசுக்கும் கருவி) 5 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் தங்கத் தகட்டின் எதிரொளிப்பை அளந்தால், அலைநீளவாரியாக வரைந்த கோடு சீராக வராமல் அலை அலையாக வந்தது.

விளக்கை மாற்றினேன். ஒளியிழையைக் கழற்றித் திரும்பப் பொருத்தினேன். அழுத்தத்தை அறியக் கலத்துக்குள் வைத்த மாணிக்கத் துணுக்கின் ஒளிர்வு 694 நானோமீட்டரிலிருந்து 1.8 நகர்ந்திருந்தது, அழுத்தமும் சரிதான்.

அப்புறம்தான் கவனித்தேன். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அலைகளின் இடைவெளி அகன்றது. விளக்கின் குறை என்றால் அழுத்தத்தோடு மாறாதே! அடுத்தடுத்த முகடுகள் 550, 600 நானோமீட்டரில் இருந்தன. மெல்லிய படலத்தின் இரு பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்தால் இப்படி அலை வரும். கணக்குப் போட்டால் சுமார் 2 மைக்ரோமீட்டர் படலம். வைரத்தின் வேலையாக இருக்க முடியாது. அதன் தடிமனுக்கு அலைகள் பிரித்துப் பார்க்க முடியாத அளவு நெருங்கியிருக்கும். அழுத்தம் கடத்த வைத்த பொட்டாசியம் குளோரைடு உப்புதான் தகட்டுக்கும் வைரத்துக்கும் நடுவில் புகுந்திருந்தது.

இந்தமுறை தகட்டை முதலில் வைர முகத்தில் அழுத்தி ஒட்டவைத்தேன். உப்பை நன்றாக உலர்த்தி (இந்த ஊர் ஈரக்காற்றுக்கு அது அவசியம்) பின்பக்கம் மட்டும் வைத்தேன். அலை போய்விட்டது. தங்கத்துக்கு மஞ்சள் நிறம் தரும் சரிவு, 500 நானோமீட்டர் பக்கத்தில் தெளிவாக விழுந்தது. பார்த்ததும் நிம்மதி.

இன்னொன்று: காற்றில் அளந்த மதிப்போடு இதை நேராக ஒப்பிடாதீர்கள். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4, தங்கத்தின் எதிரொளிப்பு அதற்குள் குறைவாகத்தான் வரும்.