ஆந்தூரியம்: மண்ணில் புதைக்காதீர்கள்

ஆந்தூரியம் பூச்செடி வாங்கிய கையோடு பலர் செய்வது இதுதான்: பெரிய தொட்டி, நிறையச் செம்மண், இரண்டு கை எரு, தினமும் ஒரு சொம்பு தண்ணீர். ரோஜா என்றால் சமாளித்துக்கொள்ளும். ஆந்தூரியமோ கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் இனம். அதன் தடித்த வேர்களுக்குத் தண்ணீர் அளவுக்குக் காற்றும் வேண்டும்.

என் முதல் செடி போனது இப்படித்தான். கீழ் இலைகள் மஞ்சளானதும், தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேரின் தோல் விரலோடு வழுக்கி உரிந்து வந்தது. உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம், சாக்கடை வாடை வேறு. நல்ல வேரை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்கும்.

தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, செங்கல் சில்லு, இவற்றின் கலவையே போதும். மட்டையைச் சில நாள் ஊறவைத்து, கறைத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். கோகோபீட் எனும் தேங்காய் நார்த் தூளை மட்டும் நிரப்பினால் ஈரம் வற்றாது. தொட்டி, வேர்க்கொத்தைவிட 2 அங்குலம் அகலமாக இருந்தால் போதும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். மழைநீர் பிடித்து வைத்தால் நல்லது.

அடுத்த தவறு, ‘நிழல் செடி’ என்று நம்பி ஹாலின் இருட்டு மூலையில் வைப்பது. இலை வரும், பூ வராது. உச்சி வெயிலும் ஆகாது, இலை வெந்துவிடும். கிழக்கு ஜன்னலோரம் அருமையான இடம். யூரியா போட்டாலும் இலைதான் பெருகும்.

அழகுக்காக நல்ல இலைகளை வெட்டாதீர்கள். இலைக்காம்பின் கக்கத்திலிருந்துதான் பூ கிளம்பும். அப்புறம், நாம் பூ என்று சொல்லும் அந்தச் சிவப்பு ‘இதழ்’ உண்மையில் உருமாறிய இலை; நடுவே நிற்கும் திரியில்தான் பொடிப்பொடியாகப் பூக்கள் இருக்கின்றன. அதனால் வாரக்கணக்கில் நின்ற பிறகு சிவப்பு பச்சையாக மாறினால் நோய் என்று பயந்து மருந்து அடிக்க வேண்டாம். அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். காம்பை அடியோடு நறுக்கிவிடுங்கள்.

இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். நறுக்கிய பிறகு கையையும் கழுவிவிடுங்கள்.