லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன், பிரவுசரில் உள்ள பாஸ்வேர்டுகளைக் காப்பது எப்படி?

சென்ற மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், விசிறி இரைகிறது என்று லேப்டாப்பைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்ட கடைக்காரர் என் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்டு, துண்டுச் சீட்டில் எழுதி மூடியின்மேல் ஒட்டினார். விசிறி மாற்ற அது தேவையே இல்லை. ஆயினும் கேட்டவுடன் சொல்லிவிடுகிறோம்.

குரோம் நம் பாஸ்வேர்டுகளை, பயனர் கோப்புறைக்குள் 'லாகின் டேட்டா' என்னும் கோப்பில் வைக்கிறது. தள முகவரியும் பயனர்பெயரும் அதில் வெளிப்படையாகவே இருக்கும். பாஸ்வேர்டு மட்டும் 256 பிட் ஏஇஎஸ் என்னும் வலுவான முறையில் மறையாக்கம் செய்யப்படும், அதாவது சாவியின்றிப் படிக்க இயலாதபடி மாற்றப்படும். அதைத் திறக்கும் சாவியை விண்டோஸ் நம் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டுகிறது. எனவே ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எளிதில் படிக்க இயலாது. ஆனால் நம் கணக்கில் நுழைந்தவர், பாஸ்வேர்டைப் பார்க்க குரோமின் பாஸ்வேர்டு மேலாளரில் உள்ள கண் படத்தை அழுத்தும்போது, குரோம் மறுபடி கேட்பதும் சீட்டில் உள்ள அதே பாஸ்வேர்டைத்தான்.

ஃபயர்ஃபாக்ஸின் நிலை வேறு. சேமித்த பாஸ்வேர்டுகள் அனைத்தையும் பூட்டும் 'முதன்மைக் கடவுச்சொல்' ஒன்றை வைக்காவிட்டால், 'லாகின்ஸ்.ஜேசன்', 'கீ4.டிபி' ஆகிய இரு கோப்புகளை நகலெடுத்தாலே போதும், எல்லாம் திறந்துவிடும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று அதை இன்றே வைத்துவிடுங்கள்.

குரோம் பயன்படுத்துவோர், பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கில் சேர்ந்துள்ளனவா என்று முதலில் கைப்பேசியில் சரிபார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால், சுயவிவரப் படத்தை அழுத்தி, சுயவிவரங்களை நிர்வகிக்கும் பக்கத்தில் அந்தச் சுயவிவரத்தையே லேப்டாப்பிலிருந்து நீக்குங்கள். கணக்கில் உள்ளவை அப்படியே இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம்: பாஸ்வேர்டு மேலாளருக்குள் சென்று ஒவ்வொன்றாக அழித்தால், அவை கணக்கிலிருந்தும் அழிந்துபோகும்.

கடைக்காரர் விண்டோஸுக்குள் நுழைந்தே ஆக வேண்டுமெனில், நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். ஒருவேளை உங்களுடையதையே கொடுத்திருந்தால், வீடு திரும்பியதும் மாற்றிவிடுங்கள்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. எப்போதோ பாஸ்வேர்டுகளை பிரவுசரிலிருந்து ஏற்றுமதி செய்திருந்தால், அந்தப் பட்டியல் அடங்கிய சிஎஸ்வி என்னும் சாதாரண உரைக் கோப்பு எந்த மறைப்புமின்றி டவுன்லோட்ஸ் போன்ற ஏதோ ஒரு கோப்புறையில் கிடக்கும். நோட்பேடில் திறந்தாலே அனைத்தும் தெரியும். அதைத் தேடி அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகே லேப்டாப்பைப் பையில் வையுங்கள்.