லண்டன் நாடக அரங்குக்குப் பையுடன் செல்வோர் கவனத்துக்கு

லண்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியில் நாடகமோ இசை நாடகமோ பார்க்க நுழைவுச்சீட்டு வாங்குவோர், இருக்கை எங்கே, விலை என்ன, காட்சி எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் செலுத்துகிறார்கள். கையிலிருக்கும் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் அரங்கின் வாசலில்தான் எழுகிறது. அங்கே நிற்கும் பாதுகாவலரிடம் “பெட்டியை வைக்க எவ்வளவு கட்டணம்?” என்று கேட்டால், பல அரங்குகளில் கிடைக்கும் பதில் ஒரு தொகையாக இராது, “பெட்டியை உள்ளே கொண்டுபோக முடியாது, வாங்கி வைக்கவும் இங்கே இடமில்லை” என்பதாகவே இருக்கும். ஆகவே கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், நம்முடைய பையை அந்த அரங்கு ஏற்றுக்கொள்ளுமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நுழைவுச்சீட்டு வாங்கும் நாளிலேயே செய்வது நல்லது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். எழும்பூர் நிலையத்திலோ சென்ட்ரலிலோ “கிளாக் ரூம்” என்றால் பெட்டி படுக்கையைக் கொடுத்து ரசீது வாங்கும் இடம் என்றே நாம் பழகியிருக்கிறோம். லண்டன் நாடக அரங்கில் அதே பெயர் கொண்ட அறை, பார்வையாளர்களின் குளிர்காலக் கோட்டையும் குடையையும் மாட்டிவைப்பதற்காக ஏற்பட்டது. சிறிய பைகளை வாங்கிக்கொண்டால் அது கூடுதல் வசதி, அவ்வளவுதான். பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்துக்கு அந்நாட்டு ரயில் நிலையங்களில் “லெஃப்ட் லக்கேஜ்” என்று பெயர். அரங்கின் வலைத்தளத்தில் கிளாக் ரூம் உண்டு என்று படித்துவிட்டுச் சக்கரப் பெட்டியோடு போய் நிற்கும் நம்மவர்கள் பலர் இந்தச் சொல்லால் ஏமாந்தவர்கள்.

அரங்குகள் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அவற்றின் கட்டடமே முதற்காரணம். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் வரிசையாக நிற்கும் லிரிக் 1888-இலும், பேலஸ் 1891-இலும், அப்பல்லோ 1901-இலும், கீல்குட் 1906-இலும் திறக்கப்பட்டவை. தெருவிலிருந்து உள்ளே நுழைந்தால் சிறிய கூடம், உடனே குறுகிய படிக்கட்டு, மேலே செங்குத்தாக ஏறும் மாடங்கள் என்ற அமைப்பில், நூற்றுக்கணக்கானவர்களின் பெட்டிகளை அடுக்கிவைக்க ஓர் அறையை ஒதுக்குவது இயலாத காரியம். இரண்டாவது காரணம் நெருப்பைப் பற்றிய அச்சம். 1887 செப்டம்பரில் எக்ஸிட்டர் நகரின் தியேட்டர் ராயல் காட்சியின் நடுவே தீப்பற்றியபோது, மேல்மாடத்திலிருந்து வெளியேறும் வழியில் நெரிசல் ஏற்பட்டு 186 பேர் இறந்தனர். அத்தகைய விபத்துகளுக்குப் பிறகு இறுகிய விதிகளின் தொடர்ச்சியாகத்தான், இன்றும் இருக்கை வரிசைகளுக்கு நடுவிலுள்ள நடைவழியில் ஒரு சிறு பையைக்கூட வைக்க ஊழியர்கள் விடுவதில்லை. கால் நீட்டும் இடத்திலும் இந்த அரங்குகள் தாராளமானவை அல்ல. மேல்மாட இருக்கைகளில் முழங்கால் முன்வரிசையின் முதுகில் இடிக்கும் நிலையில், காலடியில் பையை வைத்தால் அடுத்தவர் கடந்து போகவே முடியாது.

அப்படியானால் எவ்வளவு பெரிய பை தகும்? எல்லா அரங்குக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. வெஸ்ட் எண்ட் அரங்குகளில் பெரும்பகுதி டெல்ஃபான்ட் மெக்கின்டாஷ், எல்.டபிள்யூ. தியேட்டர்ஸ், ஏ.டி.ஜி., நைமாக்ஸ் என்ற நான்கு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. விதிகளை அவரவர் தனித்தனியே வகுத்துக்கொள்கிறார்கள். எனினும் நடைமுறையில் உதவும் ஓர் உரைகல் உண்டு: பையை மடியில் வைத்துக்கொண்டோ இருக்கைக்கு அடியில் முழுவதும் தள்ளிவிட்டோ மூன்று மணி நேரம் உட்கார முடியுமானால் அது பெரும்பாலும் அனுமதிக்கப்படும். தோள்பை, மடிக்கணினி கொள்ளும் மெல்லிய முதுகுப்பை ஆகியவற்றுக்குச் சிக்கல் வருவது அரிது. ஈஸிஜெட் விமானத்தில் கட்டணமின்றி இருக்கைக்கு அடியில் வைக்க அனுமதிக்கும் 45 × 36 × 20 சென்டிமீட்டர் பையை நாம் சிறியது என்று நினைக்கிறோம். பழைய நாடக அரங்கில் அது எல்லைக்கோட்டில் நிற்கும் பை. சக்கரமும் இழுகைப்பிடியும் உள்ள எதையும், அளவு எதுவானாலும், பெட்டி என்றே கருதிவிடுவார்கள் என்று எண்ணிப் புறப்படுவது பாதுகாப்பானது. அரங்கின் வலைத்தளத்தில், வருகை தொடர்பான பக்கத்தில் சரியான அளவு இருக்கும். காட்சிக்குச் சில நாள் முன்பு அரங்கிலிருந்து வரும் மின்னஞ்சலிலும் அது சொல்லப்படும். விளம்பரம் என்று நினைத்து நாம் அழித்துவிடுவது பெரும்பாலும் அந்த மின்னஞ்சலைத்தான். சீட்டை இடைத்தரகு வலைத்தளத்தில் வாங்கியவர்களுக்கு அது வராமலும் போகலாம் என்பதால், அவர்கள் அரங்கின் பக்கத்தைத் தாமே தேடிப் படிக்க வேண்டும்.

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். இந்தப் பணியைச் செய்யும் பாதுகாவலர்கள் அரசின் பாதுகாப்புத் தொழில் ஆணையத்திடம் உரிமம் பெற்று, உரிம அட்டையைத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் பையில் கைவைக்க முடியாது. ஆனால் சோதனைக்கு இசைவது நுழைவுச்சீட்டின் நிபந்தனைகளுள் ஒன்று என்பதால், மறுப்பவரை உள்ளே விடாமலிருக்க அரங்குக்கு உரிமை உண்டு. 2017-இல் மான்செஸ்டர் இசையரங்கில் நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்த பின் சோதனைகள் கடுமையாயின. அதில் மார்ட்டின் என்ற மகனை இழந்த தாய் ஒருவரின் நெடிய முயற்சியால் உருவான, மார்ட்டின் சட்டம் என்று மக்கள் அழைக்கும் சட்டம் 2025 ஏப்ரலில் அரச ஒப்புதல் பெற்றது. 200 பேரோ அதற்கு மேலோ கூடும் இடங்களுக்குப் பயங்கரவாதத் தாக்குதலுக்கு எதிரான ஒருவகைப் பாதுகாப்புக் கடமையும், 800 பேரோ அதற்கு மேலோ கூடும் இடங்களுக்குக் கூடுதல் கடமைகளும் அதில் விதிக்கப்பட்டுள்ளன; அது முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 2 ஆண்டு கால அவகாசம் தரப்பட்டது. எனவே சோதனை தளரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சோதனையில் வழக்கமாகத் தடுக்கப்படுபவை வெளியிலிருந்து கொண்டுவந்த மதுவும் கண்ணாடிப் புட்டிகளும் சூடான உணவும்தான். தண்ணீர்க் குப்பியைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்வது தொல்லையற்ற வழி. பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்குக் குறைந்த அலகுடைய மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பது இங்கிலாந்தில் குற்றமல்ல. ஆயினும் அரங்கின் வாசலில் அந்த வாதம் எடுபடாது, கத்தியை விடுதியில் விட்டுவருவதே முறை. லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமராவையும் பல அரங்குகள் அனுமதிப்பதில்லை. இன்சுலின் முதலான மருந்துகளுக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு; அவற்றைப் பையின் அடியில் புதைக்காமல் மேலாக வைத்து, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் வரிசை நகரும். பல அறைகள் கொண்ட பையைவிட ஒரே வாய் கொண்ட பை சோதனைக்கு உகந்தது. காட்சி தொடங்குவதற்கு 30 நிமிடம் முன்பாவது வாசலில் இருக்க வேண்டும்; தாமதமாக வருவோரை நாடகத்தின் பொருத்தமான இடைவெளியில்தான் உள்ளே விடுவார்கள், சில நாடகங்களில் அந்த இடைவெளி வெகுநேரம் கழித்தே வரும்.

இனி கட்டணம். கோட்டையும் சிறு பையையும் இலவசமாக வைத்துக்கொள்ளும் அரங்குகளும் உண்டு, ஒரு பொருளுக்குச் சில பவுண்ட் வாங்கும் அரங்குகளும் உண்டு. கட்டணம் பொருள் ஒன்றுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: கோட், பை, குடை என்று மூன்றையும் தனித்தனியே நீட்டினால் மூன்று கட்டணம் ஆகலாம்; கோட்டைப் பைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தால் ஒன்றோடு முடியலாம். பல இடங்களில் அட்டை மூலமே செலுத்த வேண்டியிருக்கும் என்பதால் நாணயத்தை மட்டும் நம்பிப் போகக் கூடாது. தரப்படும் எண் வில்லையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “பொருள்கள் உரிமையாளரின் பொறுப்பிலேயே வைக்கப்படுகின்றன” என்ற பலகை அங்கே தொங்கும். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நியாயமற்ற நிபந்தனை நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது, ஆகவே அந்தப் பலகை எல்லாப் பொறுப்பையும் துடைத்துவிடுவதில்லை. ஆனாலும் கடவுச்சீட்டையும் நகையையும் பணத்தையும் ஒப்படைத்துவிட்டு அப்புறம் சட்டம் பேசுவது புத்திசாலித்தனமன்று. காட்சி முடிந்ததும் கிளாக் ரூமின் முன் சேரும் கூட்டம் ஊரறிந்த ஒன்று; கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் எதையும் அங்கே கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்வது மேல்.

பெட்டிக்கு வருவோம். மிகச் சிறந்த இடம் நீங்கள் தங்கிய விடுதிதான். அறையைக் காலி செய்த பின்னும் அன்று முழுவதும் பெட்டியை வைத்துக்கொள்வதைப் பெரும்பாலான விடுதிகள் இலவசமாகவே செய்கின்றன. அது இயலாதபோது ரயில் நிலையம். விக்டோரியா, சேரிங் கிராஸ், வாட்டர்லூ, பேடிங்டன், கிங்ஸ் கிராஸ் முதலிய நிலையங்களில் லெஃப்ட் லக்கேஜ் அலுவலகங்கள் இயங்கிவந்துள்ளன. எக்ஸ்ரே சோதனைக்குப் பிறகே பெட்டியை ஏற்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு கட்டணமும் அதைத் தாண்டினால் நாள் கட்டணமும் வாங்குவது வழக்கம். நாள் கட்டணம் பெட்டி ஒன்றுக்கு 10 பவுண்டுக்கு மேல் ஆகும். நடக்கும் நேரத்தையும் இடைவேளையையும் சேர்த்தால் ஒரு காட்சிக்கு நான்கு மணி நேரம் ஆகிவிடும் என்பதால், குறுகிய நேரக் கட்டணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அப்பல்லோ விக்டோரியா, விக்டோரியா பேலஸ் ஆகிய இரண்டு அரங்குகளும் விக்டோரியா நிலையத்துக்கு எதிரிலேயே இருப்பதால், அங்கே நாடகம் பார்ப்பவர்களுக்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள தேசிய நாடக அரங்குக்கு வாட்டர்லூ பக்கம்.

மூன்றாவது வழி, ஸ்டாஷர், பவுன்ஸ் போன்ற செயலிகள் மூலம் அருகிலுள்ள கடையிலோ விடுதியிலோ பெட்டியை வைப்பது. நிலையத்தைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு. இதில் பார்க்க வேண்டியது கட்டணத்தையன்று, அடைக்கும் நேரத்தை. இரவுக் காட்சி 7.30-க்குத் தொடங்கிப் பத்தைத் தாண்டி முடியும். கடை 9 மணிக்கு அடைத்துவிட்டால் மறுநாள் காலைவரை பெட்டி உள்ளேதான். இதே கேள்வியை நிலைய அலுவலகத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பும் நாளில் பிற்பகல் காட்சி பார்த்துவிட்டு நேரே ஹீத்ரோ செல்ல நினைப்போருக்குக் கணக்கு இப்படி வரும். காட்சி 2.30-க்குத் தொடங்கினால் 5.15 வாக்கில் முடியும். விமானம் இரவு 9.30-க்கு என்றால் 6.30-க்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வெஸ்ட் எண்டுக்குப் பக்கத்திலுள்ள டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்திலிருந்து எலிசபெத் தடம் என்ற ரயில் பாதையில் ஹீத்ரோவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். விடுதி எதிர்த்திசையில் இருந்தால் அங்கே போய்ப் பெட்டியை எடுத்து வர நேரம் போதாது; காலையிலேயே அதைப் பேடிங்டனில் ஒப்படைத்துவிட்டால், எலிசபெத் தடம் அதன் வழியே செல்வதால் நடுவில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம். பெட்டியை அரங்குக்கு அருகில் வைக்க வேண்டும் என்று நினைக்காமல், அடுத்துப் போகும் இடத்துக்கு வழியில் வைக்கத் திட்டமிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

குழந்தைகளின் தள்ளுவண்டியைப் பல அரங்குகள் மடித்து வாங்கி வைத்துக்கொள்கின்றன, ஆனால் இடம் குறைவென்பதால் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சக்கர நாற்காலி, மருத்துவக் கருவி ஆகியவற்றுக்கு அளவு விதி பொருந்தாது. சீட்டு வாங்கும்போதே அரங்கின் சிறப்பு வசதிப் பிரிவிடம் சொல்லி எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பெட்டியோடு வாசலில் நிற்க நேர்ந்தால் பாதுகாவலரிடம் வாதிட்டுப் பயனில்லை. விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அரங்கின் முன்கூடத்தைக் கவனிக்கும் அலுவலரைக் கேளுங்கள். பக்கத்தில் எந்தக் கடையில் பெட்டி வைக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனெனில் அன்று அதைக் கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். உடன் வந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, உங்கள் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் போய் வருவது போதும். திரும்பி வரும்போது காட்சி தொடங்கியிருந்தால், அடுத்து எப்போது உள்ளே விடுவார்கள் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.