ஷூட்டிங் ஆங்கிலம்: புரியாமல் சொல்லும் ‘ஓகே’

சினிமா வேலைக்காக ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ள நினைப்பவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது இலக்கணப் புத்தகத்தைத்தான். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு வெளிநாட்டுக் குழுவோடு செட்டில் போய் நின்றால், முதல் ஒரு மணி நேரத்திலேயே திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுவதில்லை.

தெரியாத சொல்லைவிட, தெரிந்த சொல்தான் அங்கே அதிகம் காலை வாரும். ‘ஸ்ட்ரைக்’ என்றால் அடிப்பது என்று படித்திருப்போம். செட்டில் ‘ஸ்ட்ரைக் தட் சேர்’ என்றால், அந்த நாற்காலியை எடுத்து அப்புறப்படுத்து என்று பொருள். ‘பேக் டு ஒன்’ என்றால் எல்லாரும் ஷாட் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒலிப்பதிவாளர் ‘ஸ்பீட்’ என்று குரல் கொடுப்பார். அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. பதிவு ஓடுகிறது என்கிறார். டேப் சுழன்று சரியான வேகத்தைப் பிடிக்கும்வரை காத்திருந்த காலத்துச் சொல் அது, டிஜிட்டல் வந்த பிறகும் நிலைத்துவிட்டது. ஹாலிவுட் வழக்கில் அன்றைய கடைசி ஷாட் ‘மார்ட்டினி’. அதற்கு முந்தையது ‘ஏபி சிங்கர்’. உண்மையிலேயே இருந்த ஓர் உதவி இயக்குநரின் பெயர் அது. இதையெல்லாம் பொதுவான ஆங்கில வகுப்பில் எதிர்பார்க்க முடியாது. உங்கள் துறையில் அன்றாடம் காதில் விழும் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். கேமரா உதவியாளரின் நோட்டும் உடை அலங்காரம் செய்பவரின் நோட்டும் ஒன்றுபோல இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு தவறு: புரியாமலே ‘ஓகே’ சொல்வது. மேசைமேல் பாதி குடித்த தண்ணீர் கிளாஸ் இருக்கிறது. உதவி இயக்குநர் ‘ஹாட் செட்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறார். புதிதாக வந்தவர் ஓகே என்று தலையாட்டிவிட்டு, நல்லது செய்வதாக நினைத்து மேசையைத் துடைத்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். காட்சி இன்னும் முடியவில்லை, எதையும் தொடாதே என்பதுதான் அந்த இரண்டு சொல்லுக்கும் அர்த்தம். இனி கிளாஸ் எந்த இடத்தில் இருந்தது, தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று புகைப்படத்தைப் பார்த்துத்தான் மீட்க வேண்டும். அத்தனை பேரும் காத்திருப்பார்கள். அந்தப் பையன் கெட்டவனும் இல்லை, சோம்பேறியும் இல்லை. கேட்கக் கூச்சப்பட்டான், அவ்வளவுதான்.

வாக்கிடாக்கியில் ‘காப்பி’ என்று சொன்னால் கேட்டேன், புரிந்தது என்று அர்த்தம். புரியாதபோது அதைச் சொல்லாதீர்கள். ‘ஸே அகெய்ன், ப்ளீஸ்’ போதும். அப்புறம், கேட்டதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

எழுதுபவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. கதை சொல்வதுபோல் இறந்தகாலத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத் திரைக்கதை நிகழ்காலத்தில், திரையில் தெரிவதையும் கேட்பதையும் மட்டும் சொல்லும். ‘அவன் தன் தந்தையை நினைத்து வருந்தினான்’ என்ற வரியை எப்படிப் படம்பிடிப்பது? ‘அவன் தந்தையின் கைக்கடிகாரத்தைக் கட்டிப் பார்க்கிறான். கழற்றி, பெட்டிக்குள் வைத்து மூடுகிறான்’ என்றால் கேமராவுக்கு வேலை கிடைக்கிறது. சரியான வடிவத்தில் எழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய 1 நிமிடம் என்பது கணக்கு. அலங்காரமான அடைமொழிகளை அடுக்கினால் அந்தக் கணக்கும் கெட்டுவிடும்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் புரியும். மின்னஞ்சலில் தேதி எழுதும்போது மட்டும் கவனம் தேவை: 5/6 என்பது அமெரிக்கர்களுக்கு மே 6, பிரிட்டிஷ்காரர்களுக்கு ஜூன் 5. மாதத்தை எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.