பல் மருத்துவ அறையில் தண்ணீரும் கருவியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில், ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் கண்டது. அவர்களில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோரும் பிறரும் மேற்கொண்ட ஆய்வு 2025இல் வெளியானது. அது சுட்டிய காரணம் மிக எளியது. ஈறை எலும்பிலிருந்து விலக்க உதவும் பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்னும் கருவியால் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) பாட்டிலைத் திறந்து, மிஞ்சியதை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த நோயை உண்டாக்கும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை வாயில் குடியிருக்கும் பாக்டீரியா அன்று. நெல் வயல் போன்ற ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் இனங்காணப்பட்டுள்ளன என்பதைப் படித்துவிட்டு வரும் பல் மருத்துவர், நோயாளியின் எச்சிலுக்கும் இரத்தத்துக்கும் அஞ்சுகிறார், அது சரியே. ஆனால் தாமே நோயாளியின் வாய்க்குள் செலுத்தும் நீரைப் பற்றி அதே அளவு யோசிப்பதில்லை. என் பார்வையில் முதல் தவறு இதுதான். சலைனில் கிருமிநாசினி ஏதும் இல்லை. திறந்த பாட்டிலுக்குள் ஒரு கிருமி நுழைந்துவிட்டால் அதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே சிறிய பாட்டிலாக வாங்கி, ஒரு நோயாளிக்கு ஒன்று என்று திறந்து, மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஊசியை பாட்டிலின் மூடியில் குத்தியபடியே நாள் முழுவதும் விட்டுவைப்பதும் பாட்டிலைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

அடுத்தது, சிகிச்சை நாற்காலியோடு இணைந்த மெல்லிய நீர்க்குழாய்கள். இவற்றில் நீர் மெதுவாக ஓடுகிறது, இரவு முழுவதும் அசைவின்றி நிற்கிறது. குழாயின் விட்டம் மிகக் குறைவு என்பதால், உள்ளே இருக்கும் நீரின் அளவோடு ஒப்பிடும்போது அந்நீர் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரின் பரப்பு மிக அதிகம். நல்ல குடிநீரை ஊற்றினாலும், அந்தச் சுவரில் பாக்டீரியாக்கள் ஒட்டி, வழவழப்பான நுண்ணுயிர்ப் படலமாக வளர்ந்து, துளித்துளியாக உதிர்ந்து நீரோடு வெளிவருகின்றன. 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் பல் சிகிச்சைக் கருவியின் நீரிலிருந்து, நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியாவின் தொற்றுக்கு உள்ளாகி இறந்தார். 2016இல் கலிஃபோர்னியாவின் அனாஹைமில், பால் பற்களின் உள்ளிருக்கும் மென்திசுவான கூழின் மேற்பகுதியை நீக்கும் பல்ப்பாட்டமி சிகிச்சை பெற்ற குழந்தைகள் பலருக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்னும் பாக்டீரியாவின் தொற்று தாடை வரை பரவி அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அதுவும் நீர்க்குழாயிலிருந்து வந்ததே.

காலையில் சில நிமிடம் நீரைத் திறந்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிச் செய்வது மிதக்கும் கிருமிகளைக் குறைக்குமே தவிர, சுவரில் ஒட்டிய படலத்தை அகற்றாது. அதற்கு உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் வேதிப்பொருளைக் குறித்த இடைவெளியில் செலுத்தி, நீரை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சாதாரண சிகிச்சைக்கான நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 பாக்டீரியா காலனிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. எலும்பைத் துளைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு இந்தக் குழாய் நீரையே பயன்படுத்தக் கூடாது; கிருமி நீக்கிய நீரோ சலைனோதான், அதுவும் கிருமி நீக்கிய வழியாகவே வர வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு, பல்லைத் துளைக்கும் சுழல் கருவியான ஹேண்ட்பீஸை 20 முதல் 30 விநாடி நீரும் காற்றும் பாய ஓடவிடுவது வேறொரு காரணத்துக்காக: சுழற்சி நிற்கும் கணத்தில் அது வாயிலுள்ள எச்சிலைச் சற்றே உள்ளிழுத்துக்கொள்ளக்கூடும்.

அந்த ஹேண்ட்பீஸை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுப்பது இன்னும் காணப்படும் பழக்கம். உள்ளே புகுந்த இரத்தத்தைத் துடைப்பு எட்டாது. ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால், ஸ்போர்கள் எனப்படும் கடின உறை கொண்ட பாக்டீரியா வித்துகளைக் கொல்லாது. கொதிநீரும் அப்படியே: 100 டிகிரியில் ஸ்போர்கள் பிழைத்துக்கொள்கின்றன. நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டி, ஏற்கெனவே கிருமி நீக்கிய கருவியைச் சேமிக்கும் இடம்தான். ஒளி படாத மடிப்பில் அது ஒன்றும் செய்யாது.

அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் வாங்கிவிட்டால் மட்டும் தவறு நின்றுவிடாது. கழுவாத கருவியில் காய்ந்த இரத்தம் ஒரு மேலுறைபோல் நின்று நீராவியை உள்ளே விடாது. ஆகவே முதலில் கழுவுதல், முடிந்தால் மீயொலி அதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசானிக் தொட்டியில். பல் பிடுங்கும் இடுக்கியையும் கத்தரியையும் விரித்தே வைக்க வேண்டும். இடைவெளியின்றி அடைத்தால் காற்று சிக்கிக்கொண்டு, அந்த இடத்தை நீராவி தொடாது. கருவிகளை அடைத்த பையை ஈரமாக இருக்கும்போதே வெளியே எடுத்தால், அந்த ஈரத்தின் வழியாகவே வெளிக் கிருமிகள் உட்புகும். பையில் ஒட்டிய டேப் நிறம் மாறியதைக் கண்டு நிம்மதி அடைபவர்கள், அது வெப்பம் பட்டதை மட்டுமே சொல்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கிருமி உண்மையில் செத்ததா என்பதற்கு ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர்கள் கொண்ட சோதனைக் குப்பியை வாரம் ஒருமுறை கருவிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. ஆயினும் இதைத் தவிர்க்கும் இடங்களே அதிகம் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

கையுறையைக் கழுவி மறுபடி அணிவது, கையுறையுடனேயே கைபேசியையும் மேசை இழுப்பறையையும் தொடுவது, உதட்டை இறுக மூடி எச்சில் உறிஞ்சியைச் சப்புமாறு நோயாளியிடம் சொல்வது ஆகியவையும் தவிர்க்க வேண்டியவையே. கடைசியாகச் சொன்னதில், அழுத்த மாறுபாட்டால் குழாயில் நிற்கும் முந்தைய நோயாளியின் எச்சில் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

கருவிகளைக் கழுவும் உதவியாளர் பெரும்பாலும் எவருடைய கவனத்துக்கும் வருவதில்லை. மெல்லிய பரிசோதனைக் கையுறையோடு பற்காரையைச் சுரண்டும் கூரிய ஸ்கேலர்களைத் தேய்ப்பவருக்குத்தான் குத்துக்காயம் எளிதில் நேரும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். அவருக்குத் தடிமனான கையுறையும், 0, 1, 6ஆம் மாதங்களில் மூன்று தவணைத் தடுப்பூசியும் தர வேண்டும். கடைசித் தவணை முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில், எதிர்ப்பாற்றல் வந்துள்ளதா என்று இரத்தத்தைச் சோதித்து, அந்த முடிவை மருத்துவமனைப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.