புது வீட்டுக்குப் பழைய ஈசி சேர்: பாலிஷ் போடுவதும் துணி மாற்றுவதும்

வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சியதும் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கடன்தான். அந்த நேரத்தில் ஹாலின் ஜன்னலோரத்துக்கு என்று பளபளப்பாக ஒரு ஒற்றை நாற்காலி வாங்கப் போகாதீர்கள். ஊரில் பரண் மேலேயோ மாட்டுக் கொட்டகையிலேயோ துணி கிழிந்து கிடக்கும் தாத்தா காலத்து ஈசி சேரை முதலில் இறக்கிப் பாருங்கள். தேக்காக இருந்தால் அதிர்ஷ்டம். எங்கள் வீட்டு ஹாலில் வருகிறவர்கள் சோபாவை விட்டுவிட்டு அதில்தான் போய்ச் சாய்கிறார்கள்.

மேலும் கீழும் துணியின் மடிப்புக்குள் கழி செருகி மாட்டும் வகையைத்தான் இங்கே சொல்கிறேன். பிரம்பு பின்னியது வேறு வேலை, அதற்கு ஆள் வைப்பதே நல்லது.

முதலில் மரம்

நல்ல வெயிலில் வைத்துத் தூசி தட்டுங்கள். ஊசித் துளைகளும் அதற்குக் கீழே மாவு மாதிரி தூளும் இருந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். வைரம் பாய்ந்த தேக்கில் பூச்சி அவ்வளவு எளிதாக ஏறாது. ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதியைத்தான் அரிக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றித் துளை துளையாக விட்டுக் காயவிடுங்கள். இதை முடிக்காமல் சேரைப் புது வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். உள்ளே புதுக் கதவு, நிலை, அலமாரி எல்லாம் இருக்கிறது.

மூட்டு ஆடினால் ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். பழைய பசையைச் சுரண்டிவிட்டு மர கம் வைத்து, கயிற்றைச் சுற்றி முறுக்கி, ஒரு ராத்திரி விட்டால் போதும்.

பழைய பாலிஷ் எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் உப்புத்தாளை எடுத்தால் பாதி நாள் வீண். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், காலின் உள்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சில் ஸ்பிரிட் (பாலிஷுக்கு வாங்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்) நனைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாகப் பஞ்சில் வந்தால் அது பழைய அரக்குப் பாலிஷ். தேய்க்கவே வேண்டாம். ஸ்பிரிட்டும் பழந்துணியும் இருந்தால் அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர், அதாவது தின்னரில் கரைத்து அடிக்கும் பூச்சு. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷோ பெயின்டோ. அதற்குத்தான் உப்புத்தாள்.

பெயின்ட் என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

தேய்க்கும்போது 80, 120, 220 நம்பர் உப்புத்தாள் என்று படிப்படியாகப் போங்கள். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும். குறுக்கே இழுத்த கீறல் அப்போது தெரியாது. பாலிஷ் ஏறியதும் ஒவ்வொன்றாகப் பல்லைக் காட்டும். மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஈசி சேரில் எல்லாமே உருண்டையும் வளைவும், கைதான் சரி.

பாலிஷ்

இப்போது எல்லோரும் பியூ (பாலியூரித்தேன்), மெலமைன் பூச்சு என்கிறார்கள். டைனிங் டேபிளுக்கு அது சரி. ஈசி சேருக்கு என் ஓட்டு அரக்குக்கே. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு கை போட்டால் பழைய பூச்சோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும். பியூவில் அது நடக்காது. அரக்குக்கு ஒரு குறை, சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

100 கிராம் அரக்குச் செதிலை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்டுங்கள். கண்ணாடிப் பாட்டில் நல்லது. இரும்பு டப்பாவில் வைத்தால் நிறம் கறுக்கும். செதில் கிடைக்காத ஊரில், கரைத்தே விற்கும் பிரெஞ்ச் பாலிஷ் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

பிரஷ் வேண்டாம். கொஞ்சம் பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, எலுமிச்சை அளவு முட்டாகக் கட்டி, அதில் நனைத்து நீளமாக ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தாதீர்கள், ஈரமாக இருக்கும்போது திரும்பத் தொடாதீர்கள். ஒரு கை காய்ந்ததும் அடுத்த கை. ஐந்தாறு கைகள், நடுநடுவே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். அடைமழை நாளில் இந்த வேலை வேண்டாம், பாலிஷ் பால் நிறமாக மங்கிவிடும்.

துணி: இங்கேதான் நிதானம் வேண்டும்

எல்லோரும் செய்வது, பழைய துணியை அளந்து அதே நீளத்துக்கு வெட்டுவது. பழைய துணி பல வருஷம் ஆள் உட்கார்ந்து நீண்டு போனது. அந்த அளவில் வெட்டினால் புதுத் துணியும் நீளும். உட்கார்ந்தால் இடுப்பு கீழ்ச் சட்டத்தில் இடிக்கும். சட்டென்று விழுந்தால் முதுகெலும்பின் நுனியில் பளார் என்று ஒன்று வாங்குவீர்கள்.

அதனால் துணியை விட்டுவிட்டுக் கயிற்றால் அளங்கள். மேல் கழியிலிருந்து கீழ்க் கழி வரை ஒரு கயிற்றைத் தளர்வாகக் கட்டி, நடுவில் கையால் அழுத்துங்கள். கயிற்றின் அடிப்புள்ளிக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி இழுத்துக் கட்டுங்கள். துணி நீண்ட பிறகும் நாலு விரல் மிச்சம் இருக்கும். அந்தக் கயிற்றின் நீளம்தான் உங்கள் கணக்கு. அதோடு இரண்டு முனையிலும் கழியைச் சுற்றி வரும் அளவு, தையலுக்கு இரண்டு அங்குலம் சேருங்கள்.

வெட்டுவதற்கு முன் கான்வாஸ் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும். வெட்டும்போது துணியின் கரை சேரின் நீளவாக்கில் வர வேண்டும். குறுக்கே வெட்டினால் சீக்கிரம் தொங்கிவிடும். அகலம், சட்டத்தின் உள் அகலத்தைவிட ஓர் அங்குலம் குறைவு. இல்லையென்றால் ஓரம் மரத்தில் உரசி அங்கேதான் முதலில் கிழியும்.

தைக்க ஜாக்கெட் தைக்கும் கடைக்குப் போனால் ஊசி உடையும், திட்டும் கிடைக்கும். பேக் தைப்பவர், தார்ப்பாய் தைப்பவர் யாரிடமாவது கொடுங்கள். நைலான் நூல், மடிப்பில் மூன்று வரிசைத் தையல். கழி உள்ளே சற்று இறுக்கமாகவே போகட்டும்.

நிறம்? வெள்ளைச் சுவருக்கு வெள்ளைத் துணி என்று படங்களில் அழகாக இருக்கும். நம் தலையில் எண்ணெய் இருக்கிறது. பழைய துணியின் தலைமாட்டில் தேய்ந்து கறுத்து மின்னும் அந்த வட்டத்தைப் பாருங்கள், புரியும். நீலக் கோடு போட்டதோ காக்கியோ எடுங்கள். தலைமாட்டில் ஒரு ஈரிழைத் துண்டு, வாரம் ஒன்று மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

எங்கே வைப்பது

புதுச் சுவரில் சிமென்ட் ஈரம் மாதக்கணக்கில் இருக்கும், சில இடங்களில் உப்பும் பூக்கும். மர சாமான் எதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மூன்று விரல் தள்ளியே இருக்கட்டும்.

பிறகு சேர்த்தது: புது டைல்ஸில் சேர் வழுக்குகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். காலுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். கறுப்பு ரப்பர் வெளிர் டைல்ஸிலும் மார்பிளிலும் கறை விடும், சாம்பல் நிறம் கேட்டு வாங்குங்கள். ஃபெல்ட் ஒட்டுவது இதற்கு உதவாது, இன்னும் வழுக்கும்.

இன்னொன்று: டம்ளர் வளையம் விழுந்துவிட்டது, மறுபடி முழுக்கத் தேய்க்க வேண்டுமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. பஞ்சு முட்டில் ஸ்பிரிட் லேசாக, பிழிந்த மாதிரி, எடுத்து அந்த வளையத்தின் மேல் வேகமாக இரண்டு மூன்று முறை தடவினால் வெள்ளை மறையும். அப்புறம் அதன் மேல் ஒரு கை பாலிஷ்.